அப்புறப்படுத்தப்படும்

மான்குர்த்
8 ஜனவரி 2024

காக்கா,

சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். பதில் சலாம் உங்கள் மேல் கடமை. அதைச் சத்தமாகச் சொல்வீர்களோ பல்லுக்குள் முணுமுணுப்பீர்களோ, உங்கள் பாடு. என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணி வருஷக்கணக்காகிறது. வீட்டு விலாசத்துக்கு எழுதினால் ஃபர்ஸானா மைனி இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டுவிடுவார். அதனால்தான் தாராவித் தோல் மண்டி விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்ட். உங்கள் தங்கை மர்யம்தான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், எச்.ஐ.வி. காகிதத்தில் ஒட்டாது.

இரண்டு வருஷமாக என் தொடைச் சதை கரைந்துகொண்டே போகிறது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. நான் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் நின்று எட்டு மாதம். கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்துத்தான் ஏறுகிறேன். மாத்திரை ஒரு நாள் தவறியதில்லை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சொல்கிறது. பிறகு ஏன் சதை சாகிறது?

செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அதைத்தான் பார்க்கிறார்கள். இந்தக் கிருமி உள்ளவர்களின் தசையில் செல்கள் எப்படிச் சாகின்றன என்று. "உங்க செல் எப்படிச் சாவுதுன்னு பாக்கணும்" என்று நர்ஸ் சொன்னதும் நான் பையிலிருந்து மொபைலை எடுத்து நீட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பரில் தொடையை மரக்கவைத்து, தடித்த ஊசியால் இரண்டு துண்டு சதை எடுத்தார்கள். அதற்கு முன் தமிழில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நம் படிப்புதான் உங்களுக்குத் தெரியுமே. பேசுகிற தமிழை எழுதிவிடுவேன். சர்க்கார் தமிழ் வந்தால் எழுத்துக்கூட்டித்தான். "மீதமுள்ள தசை அப்புறப்படுத்தப்படும்" என்று இருந்தது. அப்புறம்... படுத்தப்படும். நான் என்ன நினைத்தேன்? எல்லா வேலையும் முடிந்த அப்புறம், மண்ணில் படுக்க வைப்பார்கள் என்று நினைத்தேன். முஸ்லிம் பேரைப் பார்த்து எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டேன், காக்கா. மடச்சி! தூக்கிப் போட்டுவிடுவோம் என்பதற்குத்தான் அந்த வார்த்தையாம். மஞ்சள் பையில் கட்டி, அடுத்தவன் சீழ் துடைத்த பஞ்சோடு உலையில் போட்டு எரிப்பார்களாம்.

அந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் நாகலக்ஷ்மி மாட்டுங்காக்காரர். அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எங்க உடம்பு மண்ணுக்குத்தாம்மா, நெருப்புக்கு இல்ல" என்றேன். அவர் படிவத்தை எடுத்து அந்த வார்த்தையை இரண்டு தரம் வாசித்தார். "நான்தான் தமிழ்ல எழுதிக் குடுத்தேன். இப்படி ஒருத்தர் படிப்பான்னு தோணவே இல்லை. தப்பு என்னோடது" என்றார். கமிட்டிக்கு எழுதிக் கேட்டு, மருந்தில் ஊறுகிற துண்டில் மிச்சத்தைத் திருப்பித் தரச் சம்மதம் வாங்கிவிட்டார். இன்னொரு துண்டு பனிப்பெட்டியில் இருக்கிறது, அது ஆராய்ச்சி முடிந்த பிறகுதான்.

பொம்பளை நான், நம் ஆட்களை அடக்குகிற மையவாடிக்குள் போக முடியாது. நீங்கள் ஜமாஅத்தில் மையவாடிப் பொறுப்பில் இருக்கிறீர்கள். சர்க்கரை வியாதியில் எடுத்த காலையும் விரலையும் அங்கே அடக்குவது எனக்குத் தெரியும். இது புளியங்கொட்டை அளவுதான். வாப்பா, உம்மா பக்கத்தில் ஒரு சாண் மண் போதும். அடக்குவீர்களா?

மர்யம்


தாராவி
15 ஜனவரி 2024

மர்யம்,

வஅலைக்கும் சலாம். சத்தமாகத்தான் சொன்னேன்.

உன் கடிதத்தை மண்டியில் நின்றே படித்தேன். கையில் இருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டேன். சீ! இதெல்லாம் ஒரு பெண்பிள்ளை எழுதுகிற விஷயமா? தொடையாம், சதையாம், ஊசியாம். இதில் மொபைலை நீட்டினேன் என்று சிரிப்பு வேறு.

நான் முப்பது வருஷமாக உப்புத்தோலில் கை விடுகிறவன். மழைக்காலத்தில் தோலில் புழு நெளியும். தட்டிவிட்டு, அதே கையைக் கழுவிச் சோறு சாப்பிடுவேன். எனக்கு லேசில் அருவருப்பு வராது. ஆனால் உன் காகிதத்தைத் தொட்ட கைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஒட்டாது என்று நீ எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டேதான் போட்டேன்.

உன் புருஷன் ஷகீல் செத்தபோதே, "ஊருக்குப் போயி கம்முனு இரி" என்று சொன்னேன். நீ கேட்டாயா? என் வீட்டில் நாலு மாதம் இருந்தாய். உனக்குத் தட்டு, தம்ளர் தனியாக வைத்தோம் என்று சண்டை போட்டுக்கொண்டு போனாய். சின்னப் பிள்ளைகள் இருந்த வீடு. பயந்தோம். அது குற்றமா?

மையவாடியில் அடக்க முடியாது. காரணம் கேட்காதே. ரிஜிஸ்டரில் பேர் எழுத வேண்டும், யாருடையது என்று சொல்ல வேண்டும். நடக்காத காரியம். மான்குர்த்திலேயே ஏதாவது மரத்தடியில் புதைத்துவிடு. எல்லாம் அல்லாஹ்வின் மண்தான்.

என் மகள் ஜுவைரியாவுக்கு நோன்பு கழிந்து நிக்காஹ் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஹாதி, நம் ஜமாஅத் தலைவர். இந்த நேரத்தில் உன் பேர் யார் வாயிலும் வரக் கூடாது. இனி மண்டிக்கு எழுதாதே. எழுதித்தான் தீருவேன் என்றால் கவர் மேல் பேர் போடாதே.

உதுமான்


மான்குர்த்
29 ஜனவரி 2024

காக்கா என்று கூப்பிடலாமா? மவுத்தானவள் கூப்பிட்டால் உங்கள் காதில் விழுமா?

நேற்றுக் காட்கோபர் மார்க்கெட்டில் நம் பழைய சந்து ஆஸியாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தக்காளிப் பையைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னா லில்லாஹி! ஏ புள்ளே, கொரோனாவுல நீ மவுத்தாயிட்டேன்னு ஒங்க காக்கா சொன்னாவளே! ஒனக்கு யாசீனெல்லாம் ஓதுனோமேடீ!" என்று கூவினாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. எனக்காக ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு போட்டீர்களாமே. கறி நன்றாக வெந்திருந்ததாம், ஆஸியா சொன்னாள். தூ! உயிரோடு இருக்கிறவளின் பேரில் சோறாக்கித் தின்ன எப்படிக் காக்கா வாய் வந்தது?

போன வாரம் நாகலக்ஷ்மி டாக்டர் என் சதையை நுண்ணோக்கியில் காட்டினார். நான்தான் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு தசைநாருக்குள்ளும் ஏகப்பட்ட உட்கரு இருக்குமாம். நார் மொத்தமாகச் செத்து விழாது. கரு ஒவ்வொன்றாக அவிய, நார் மெலிந்துகொண்டே வருமாம். சாகிற கரு பச்சையாகத் தெரியும்படி சாயம் ஏற்றியிருந்தார். என் சதையில் அங்கங்கே பச்சை, அழுகின கிழங்கில் பூசணம் பிடித்த மாதிரி. ஓங்கரித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். என் உடம்பு எனக்கே அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

"கிருமி தசைக்குள்ள பெரும்பாலும் நுழையறதே இல்லை, மர்யம்" என்றார் டாக்டர். "வேற எடத்துல உக்காந்துண்டு அது தள்ளற கழிவு, உடம்புல ஓயாம இருக்கிற அழற்சி, முன்னாடி நீங்க வருஷக்கணக்கா சாப்பிட்ட பழைய மாத்திரை, எல்லாம் சேர்ந்து தசைச் செல்லுக்கு 'நீ செத்துப்போ'ன்னு சேதி அனுப்பறதோன்னு பாக்கறோம். செல் அதை நம்பிண்டு தன்னைத் தானே துண்டு துண்டா வெட்டிக்கறது." எதனால் எவ்வளவு என்று அவருக்கே இன்னும் தெரியாதாம்.

என் சதை யாரோ சொன்னதைக் கேட்டுச் சாகிறது. நீங்களும் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லித்தான் என்னைக் கொன்றிருக்கிறீர்கள். பச்சையைப் பார்த்து வந்த குமட்டல் அரைமணியில் போய்விட்டது. நேற்று மார்க்கெட்டில் வந்த குமட்டல் இன்னும் போகவில்லை.

சதைத் துண்டு ஊறுகிற புட்டியை டாக்டரிடம் வாங்கிவிட்டேன். ஆஸியாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் சொல்லும்வரை அவள் வாய் திறக்க மாட்டாள். மருந்தில் ஊறினதில் கிருமி எதுவும் பிழைக்காது, தைரியமாகத் தொடுங்கள். மரத்தடியில் புதைக்க நான் பூனைக்குட்டி இல்லை. மையவாடியில் அடக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது பள்ளிவாசல் கேட்டில் வந்து நிற்பேன்.

மர்யம்


தாராவி
5 பிப்ரவரி 2024

மர்யம்,

ஆஸியா புட்டியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் புருஷன் என் மண்டியில்தான் வேலை செய்கிறான், ஆனாலும் பார்த்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்துல் ஹாதி ஜுவைரியாவைப் பற்றி முதல்முதலாகப் பேச்செடுத்தபோது, "ஒங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்ல?" என்று கேட்டார். கேட்டவர் கேட்ட மாதிரியே நானும் "இருந்தா" என்றேன். அந்த வருஷம் தெருவுக்கு நாலு மவுத்து விழுந்துகொண்டிருந்தது. "அடடா, கொரோனாவிலயா?" என்றார். நான் தலையைக் கூட ஆட்டவில்லை. பேசாமல் இருந்தேன். அவரே என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். மறுநாள் ஜமாஅத்தில் எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். அதற்கு மேல் என்ன சொல்வது? ஃபாத்திஹா ஓதாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஓதினோம். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று எழுதினால் நீ காறித் துப்புவாய் என்றும் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கிவிடுகிறேன். குழி வெட்டுகிறவரிடம் பேசிவிட்டேன். தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தருடைய கால்விரல் என்று சொல்லியிருக்கிறேன். வாப்பா பக்கத்திலேதான் இடம். நீ பள்ளிவாசலுக்கு வராதே.

புட்டியைக் கையுறை போட்டுத்தான் வாங்கினேன். திட்டிக்கொள்.

உதுமான்


தாராவி
10 பிப்ரவரி 2024

மர்யம்,

நீ பதில் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எழுத மாட்டேன், வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நேற்றுத் தொழுதுவிட்டுப் புட்டியை எடுத்துப் போவதற்காக மண்டிக்கு வந்தேன். மேஜை மேல் எடுத்து வைத்தேன். அப்துல் ஹாதி உள்ளே வந்தார், நிக்காஹ் ஹால் விஷயமாகப் பேச. உட்கார்ந்தார். மூக்கைச் சுளித்தார். புட்டி மூடி லேசாகக் கசிந்திருந்தது.

"என்ன சம்பந்தி, தோல் நாத்தத்தையும் மிஞ்சி ஒண்ணு நாறுது? அது என்ன புட்டி?"

"தோலுக்குப் போடுற மருந்து."

"உள்ள என்னமோ மிதக்குதே. சீச்சீ, தூக்கிப் போடும்யா!" கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தோலிலிருந்து வழித்த சதையும் கொழுப்பும் போடுகிற டிரம் வாசலில் இருக்கிறது. பசை காய்ச்சுகிறவர்கள் வந்து அள்ளிப் போவார்கள். அதில் போட்டேன். போகட்டும், அவர் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் போட்டேன். அல்லாஹ் மேல் ஆணை. ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்துவிட்டது. இரண்டு பேர் டிரம்மைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏ ருக்கோ" என்று ஒரு வார்த்தை போதும், நின்றிருப்பார்கள். ஏன் நிறுத்துகிறாய் என்று அவர் கேட்பார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மர்யம். அவர் பிரியாணிக்கு எத்தனை தேக்ஸா அடுப்பேற்றுவது என்று கேட்டார். நான் பதில் சொன்னேன்.

அவர் போன பிறகு லாரியைத் தேடிப் பசை காய்ச்சுகிற இடத்துக்கு ஓடினேன். கொட்டிக் கலக்கியாகிவிட்டது. ஆட்டுக் கொழுப்பும் மாட்டுச் சவ்வும் ஒரே கூழாக, மேலே ஈ. முழங்கை வரை விட்டுத் துழாவினேன். கண்ணாடித் துண்டு கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவை கூட எடுத்ததில்லை.

உன் வியாதியைக் கண்டு இத்தனை வருஷம் அருவருத்தேன். நேற்றுக் கையைக் கழுவக் கழுவ என் மேல்தான் நாறியது.

உதுமான்


மான்குர்த்
17 பிப்ரவரி 2024

காக்கா,

படித்தேன். நாலு நாள் சோறு இறங்கவில்லை. அழவில்லை, அழுகை வந்தால்தானே.

அப்புறப்படுத்திவிட்டீர்கள். இப்போது எனக்கு அந்த வார்த்தை சுத்தமாகப் புரிந்துவிட்டது.

உலையில் எரிந்திருந்தால் கூட மஞ்சள் பையில் மனுஷச் சதையோடு மனுஷச் சதையாக எரிந்திருக்கும். நீங்கள் அதைப் பசையாக்கிவிட்டீர்கள். எந்தச் செருப்பில் ஒட்டியிருக்கிறேனோ, எவள் காலில் நடக்கிறேனோ! நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசுகிறது.

பள்ளிவாசலுக்கு வர மாட்டேன். பயத்தை விடுங்கள். காட்கோபர் போய் வந்ததிலேயே கால் விழுந்துவிட்டது; வர வேண்டும் என்றாலும் நாலு மாடி இறங்கி, ரயில் ஏறி, அங்கே வந்து நிற்கிற தெம்பு இனி அதில் இல்லை. போன கடிதத்தில் அதைச் சொல்லாமல் சும்மா மிரட்டினேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஓர் ஆளிடம், ஒரே ஓர் ஆளிடம், உங்கள் வாயால் சொல்லுங்கள். யாரிடம் என்பது உங்கள் இஷ்டம். சொல்ல முடியாவிட்டால் எனக்கு இனி எழுத வேண்டாம். நான் செத்தால் ஆஸியா பார்த்துக்கொள்வாள்.

மர்யம்


தாராவி
27 பிப்ரவரி 2024

மர்யம்,

சொல்லிவிட்டேன். நானாகச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிக்காஹ் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க ஜுவைரியா மண்டிக்கு வந்தாள். மேஜை டிராயரில் உன் கடிதங்கள் இருந்தன. அவள் இங்கிலீஷ் மீடியம், தமிழ் சரியாகப் படிக்க வராது. அடியில் இருந்த பேரை மட்டும் எழுத்துக்கூட்டிவிட்டாள். "வாப்பா, மர்யம்னா மாமிதானே? மாமி மவுத்தாயிட்டாங்கன்னு சொன்னீங்க. தேதி போன வாரம் போட்டிருக்கே?" என்றாள். நான் டிராயரைச் சாத்தப் போனேன். "படிச்சுக் காட்டுங்க" என்றாள். வேலையாட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மூன்றையும் படித்தேன். நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டுப் படித்தேன், கண்டுபிடித்துவிட்டாள். "இங்க நெறைய எழுதியிருக்கு, நீங்க கம்மியா படிக்கிறீங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். நான் உனக்கு எழுதியது என்னிடம் இல்லை. அதையும் ஞாபகத்திலிருந்து சொன்னேன். லாரியைப் பற்றியும் சொன்னேன்.

"மாமி ஜிந்தா ஹை? உசுரோட இருக்காங்களா?"

"ம்."

"லாரிய ஏன் நிப்பாட்டல?"

கடிதங்களை மடித்து டிராயரில் வைத்தேன். அவள் எழுந்து துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். "கின் ஆத்தி ஹை, வாப்பா" என்றாள். அருவருப்பாக இருக்கிறது என்று அர்த்தம். தோல் நாற்றத்தைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். "தோலைச் சொல்லல. ஒங்களச் சொன்னேன்" என்றாள்.

அன்றைக்கே மாப்பிள்ளைப் பையனிடம் ஃபோனில் எல்லாம் சொல்லிவிட்டாள். ஃபர்ஸானா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அப்துல் ஹாதி ஐந்து நாளாக என் ஃபோனை எடுக்கவில்லை. பையன் மட்டும் ஜுவைரியாவிடம் பேசிக்கொண்டிருக்கிறான். என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜுவைரியா உன்னைப் பார்க்க வருகிறாள். வழி காட்ட நான் கூட வருவேன். மேலே வர மாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன்.

உதுமான்


மான்குர்த்
4 மார்ச் 2024

காக்கா,

ஜுவைரியா நேற்று மூன்று மணி நேரம் இருந்தாள். உம்மாவின் மூக்கு, உங்கள் கோபம். "எனக்குக் காட்டுங்க மாமி" என்றாள். தொடையைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள், அதை மறைக்கவும் இல்லை. "பாக்க நல்லாவே இல்ல" என்றாள். பிறகு அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, படி ஏறினால் எத்தனையாவது மாடியில் மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் என் உடம்பைப் பார்த்துப் பொய் சொல்லாத முதல் ஆள் உங்கள் மகள்தான்.

நாகலக்ஷ்மி டாக்டர் புதுப் படிவம் அடித்திருக்கிறார். "மீதமுள்ள தசை எரிக்கப்படும். வேண்டும் என்றால் திருப்பித் தரப்படும்" என்று பச்சைத் தமிழில் போட்டிருக்கிறார். பனிப்பெட்டியில் இருக்கிற துண்டை வாங்கிக்கொள்கிறவர் பேர், உறவு என்று கேட்டிருந்தது. ஜுவைரியா பேரை எழுதினேன். காக்கா மகள் என்று எழுதினேன். உங்கள் பேரை எழுதக் கை வரவில்லை.

நீங்கள் கீழே தண்ணீர் டாங்கிப் பக்கம் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெயில் அந்தப் பக்கம் திரும்பின பிறகும் நகராமல் நின்றீர்கள். "கூப்பிடுங்க மாமி" என்று ஜுவைரியா சொன்னாள். வாய் வரைக்கும் வந்தது. உடனே அந்த டிரம்மும் கண் முன் வந்தது. கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிடுவேனா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறும் வந்து நில்லுங்கள்.

மர்யம்